சூடு என்று விட்டுவிடாதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் ஒரு ஷிப்ட் நின்றவருக்குச் சிறுநீர் கடுத்துப் போனால், “சூடு பிடிச்சிருச்சு, இளநீர் குடிப்பா” என்பார்கள் கூட இருப்பவர்கள். அதில் பாதி உண்மை. வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரில் உப்பு படிந்து கல்லாகும். பிரேசிலில் ஓர் எஃகு ஆலையில் அனலருகே வேலை பார்த்தவர்களில் 8 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் கல் இருந்தது. அனல் படாத பிரிவுகளில் 1 சதவீதம்கூட இல்லை.

சிவப்பாகப் போனால் கதை வேறு. முதலில், அது ரத்தம்தானா? பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டாலும் நிறம் மாறும். சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி இயந்திரத்தில் சில நிமிடம் வேகமாகச் சுழற்றுவார்கள். அடியில் சிவப்பு படிந்து மேலே தெளிந்தால், ரத்த அணுக்கள் வந்திருக்கின்றன. சுழற்றியும் குழாய் முழுக்கச் சிவந்தே நின்றால் அணுக்கள் உடைந்து கரைந்த ஹீமோகுளோபினாக இருக்கலாம். அல்லது கடும் வெயிலில் உழைத்துத் தசை சிதைந்து கசிந்த மயோகுளோபின். அது சிறுநீரகத்தையே முடக்கிவிடும். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

அணுக்கள்தான் என்றால் நுண்ணோக்கி பேசும். அணுக்கள் வடிவம் குலைந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் நுரைத்து, முகமும் வீங்கினால் சிறுநீரகத்தின் வடிகட்டியில் அழற்சி. உருண்டையான அணுக்களோடு ரத்தக்கட்டியும் வந்தால் கசிவு பெரும்பாலும் அதற்குக் கீழே. விலாவிலிருந்து தொடையிடுக்குவரை வலி சுருட்டி இழுத்தால் கல்லாக இருக்கும். காய்ச்சலும் நீர்க்கடுப்பும் சேர்ந்தால் கிருமித்தொற்று.

எனக்குப் பெரிய கவலை வலியே இல்லாத சிவப்பைப் பற்றித்தான். 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதை முதலில் எடுத்துச் சொன்னார். பென்சிடின் போன்ற சாய ரசாயனங்கள் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. இன்றைக்கு முதல் எதிரி புகையிலை. இந்தப் புற்றில் ரத்தம் ஒருநாள் வரும், மறுநாள் நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று ஆள் வேலைக்குப் போய்விடுவார். நின்றுபோனாலும் ஸ்கேனும், சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் வேண்டுமா என்று கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகிறவர்கள் என்ன வேலை, எத்தனை வருஷம், பீடி சிகரெட் உண்டா என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.