விதானப் பாவாடை

எமது வகுப்பு மாணவனொருவன் ஒருநாள், "ஐயா, வானூர்திக்கும் பாவாடை உண்டாமே! அதைத் தமிழில் எவ்வாறு கூறுவது?" என வினாவினான். வகுப்பு நகைத்தது. நாம் நகைத்திலோம், வினா நல்லது. தமிழ் கற்பிக்கும் நாம் வானூர்தி கட்டியவரல்லோம்; எனினும் கற்றும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தம் இல்லத்திலேயே சிறு வானூர்தி கட்டிப் பறப்போர் பல நாடுகளிலும் உளர். அமெரிக்காவில் 1953 ஆம் ஆண்டில் அவர்க்கென ஒரு சங்கமே தோன்றிற்று. நம் நாட்டிலும் பொறியியலறிஞர் ரே விஜேவர்தன (1924–2010) சிறு வானூர்திகளைத் தாமே வடிவமைத்துக் கட்டிப் பறந்தவராவர்.

விமானியின் தலைக்குமேல் உள்ள தெளிந்த அக்ரிலிக் மூடியே விதானம். அதன் அடிவிளிம்புக்கும் ஊர்தியின் உடலுக்கும் இடையிலுள்ள வெளியை மூடித் தழுவி நிற்கும் கண்ணாடியிழைப் பட்டையே பாவாடை. அது வெறும் அழகுக்கன்று. பறக்குங்கால் விதானத்தின்மேற் காற்று விரைந்தோட, அங்கே அமுக்கம் குறையும். பாவாடை வெளிநோக்கி இழுபடும். அது மெலிந்ததாயின் காற்றும் மழையும் உட்புகும். விமானியின் கவனம் சிதறும்.

இனிச் செய்முறை. விதானத்தைப் பறக்கும் நிலையிலேயே மூடிப் பூட்டுதல் வேண்டும். பிசின் ஒட்டாதிருக்க ஊர்தியுடலின்மீது பொதிநாடா ஒட்டுக. அக்ரிலிக்கில் பாவாடை பற்றும் ஒடுங்கிய பகுதியை மாத்திரம் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எஞ்சியதை மூடிக் காக்க. அசற்றோன் அதன்மேற் படலாகாது. பட்டால் அக்ரிலிக் மங்கி வெடிப்புறும்.

கண்ணாடியிழைத் துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டினால் வளைவுகளில் மடிப்பின்றிப் படியும். எப்பொக்சிப் பிசினில் நனைத்துப் படைமேற் படையாக இடுக. துணி தனித்து மடியும்; பிசின் தனித்து நொறுங்கும்; இரண்டும் கூடியவிடத்தே வலிமை பிறக்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வள்ளங் கட்டுவோர் பெரிதும் கையாளும் பொலியெஸ்ரர்ப் பிசினில், ஊக்கியை ஓரளவு கூட்டினால் விரைவாக இறுகும். எப்பொக்சி அவ்வாறன்று. அதன் இறுக்கி பிசினோடு தானும் சேர்ந்து பொருளாவது. அளவு மிகினும் குறையினும் பட்டை மென்மையாகவே நின்றுவிடும். ஆகவே செய்தோர் குறித்த விகிதப்படி நிறுத்தே கலத்தல் வேண்டும். ஆழ்ந்த பாத்திரத்தில் மிகுதியாகக் கலந்து வைத்தால் தானே சூடேறிக் கெட்டியாகிவிடும்.

நன்கு இறுகுமளவும் விதானத்தைத் திறவாதிருத்தல் இன்றியமையாதது. அவசரப்பட்டுத் திறந்தால் பட்டை கோணலாகவே இறுகும். பின்னர்த் திருத்துதல் அரிது. இறுகியபின் விளிம்பு வெட்டி, ஊசித்துளைகளை அடைத்துத் தேய்க்க. இழைத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலின் முகமூடி அணிதல் வேண்டும்.

அம்மாணவனுக்கு, "விதானப் பாவாடை என்றே சொல்" என்றோம். தழுவி மறைப்பது அதன் தொழிலென அறிந்தபின் அவனும் நகைத்திலன். பொருளை அறிந்தார்க்கே சொல் கைவரும். நம் மாத்தளை மாவட்டத்துச் சிகிரியா ஓடுபாதையிலிருந்து, தாம் கட்டிய ஊர்தியில் நம் மாணவரொருவர் ஒருநாள் பறப்பாராக!