இரவில் உங்கள் காடி எங்கே நிற்கிறது?

“மின்சாரக் காடி வாங்கலாமா, ஹைபிரிட் வாங்கலாமா? ஹைட்ரஜன் வருதாமே, அதுக்குக் காத்திருக்கலாமா?”

வானொலியில் பெட்ரோல் விலையைப் பற்றி ஒரு வரி பேசினால் போதும். அடுத்த பாடல் முடிவதற்குள் நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணில் இந்தக் கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். முன்பெல்லாம் வசதியுள்ளவர்களின் கேள்வியாக இருந்தது. இப்போது முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகளும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கேட்கிறார்கள். காரணம் உண்டு. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே சிறிய இ.மாஸ் 5 வந்தது. பெரோடுவாவும் தன் முதல் மின்சாரக் காரோடு களத்தில் இறங்கியது.

நம் குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய கடன் காடிக் கடன்தான். 9 ஆண்டுத் தவணை என்றால், இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை நான்காம் படிவத்துக்குப் போகும்வரை கட்ட வேண்டும். ஆகவே விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கணக்கைக் கையில் எடுப்போம்.

மூன்றும் ஓடும் விதம்

மின்சாரக் காடியில் எஞ்சின் இல்லை. தரைக்கு அடியில் பெரிய பேட்டரி, சக்கரத்தைச் சுழற்ற ஒரு மோட்டார், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பேட்டரி அளவு ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஹைபிரிட்டில் பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்கின்றன. பேட்டரி சிறியது, சுவரில் செருகி மின்னேற்ற வேண்டியதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் அணைந்து மோட்டார் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் ஹைபிரிட் நகர நெரிசலில் அதிகம் மிச்சப்படுத்துகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓடும்போது அந்த மிச்சம் குறைகிறது.

ஹைட்ரஜன் காடியும் ஒரு வகையில் மின்சாரக் காடிதான். தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் எரிபொருள் கலத்துக்குள் சேர்ந்து மின்சாரம் உண்டாகிறது. புகைக்குழாயில் வருவது தண்ணீர். டொயோட்டா மிராய் காரில் சுமார் 5.6 கிலோ ஹைட்ரஜனை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கேட்பதற்கு மூன்றிலும் இதுதான் சிறந்ததாகத் தெரியும். ஏன் நம் தெருவில் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

100 கிலோமீட்டருக்கு எவ்வளவு?

2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய பூடி95 திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. தீபகற்பத்தில் வீட்டு மின்சாரத்தை யூனிட்டுக்கு ஏறக்குறைய 45 சென் என்று வைத்துக்கொள்வோம். விரைவு மின்னேற்ற நிலையங்களில் யூனிட்டுக்கு 1.20 முதல் 1.60 வெள்ளி வரை வாங்குகிறார்கள், நடுவில் 1.40 என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நடுத்தரக் குடும்பக் காடிக்கு என் கணக்கு இப்படி வருகிறது:

சாதாரண பெட்ரோல் காடி (7 லிட்டர்): 13.93 வெள்ளி

ஹைபிரிட் (4.5 லிட்டர்): 8.96 வெள்ளி

மின்சாரக் காடி, வீட்டில் மின்னேற்றினால் (17 யூனிட்): 7.65 வெள்ளி

மின்சாரக் காடி, விரைவு நிலையத்தில் மட்டும் ஏற்றினால் (17 யூனிட்): 23.80 வெள்ளி

இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் ஹைபிரிட்டுக்கும் வீட்டில் மின்னேற்றும் மின்சாரக் காடிக்கும் வித்தியாசம் 20 வெள்ளிதான். மானியப் பெட்ரோல் கிடைக்கும்வரை ஹைபிரிட் இவ்வளவு நெருங்கி வருகிறது. மானியம் இல்லாமல் லிட்டர் 2.60 என்று போட்டால் ஹைபிரிட்டின் செலவு 11.70 வெள்ளியாக ஏறும், இடைவெளியும் பெரிதாகும்.

இப்போது கடைசி வரி. வீட்டில் மின்னேற்ற வழியில்லாமல் விரைவு நிலையத்தையே நம்பியிருப்பவருக்கு மின்சாரக் காடி, பழைய பெட்ரோல் காடியைவிட அதிகச் செலவு வைக்கிறது. ஒரே காடி, ஒரே சாலை. இரவில் அது நிற்கும் இடம் மாறினால் செலவு மூன்று மடங்காகிறது. எந்தத் தொழில்நுட்பம் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் காடி இரவில் எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும் என நான் சொல்வது இதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு வீட்டு மின்கட்டணத்தில் சுமார் 255 யூனிட் கூடும். மாதப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் தெனாகாவின் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். இப்போதே இரண்டு குளிரூட்டிகள் ஓடும் வீடு என்றால் கடந்த மூன்று மாத பில்களை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு நேயர்கள், இரண்டு விடைகள்

மின்-அழைப்பு வாகனம் ஓட்டும் நேயர் ஒருவர் அடிக்கடி எங்களுக்குக் குரல் பதிவு அனுப்புவார். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறார். குடியிருப்பது அடுக்குமாடியில் ஏழாவது மாடி. “தம்பி, மின்சாரக் காடி எடுத்தா நல்லா மிச்சமாகும்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார். அவர் தூரத்துக்குப் பெட்ரோல் காடியில் மாதம் 836 வெள்ளி ஆகும். தரைவீட்டில் மின்னேற்றினால் 459. விரைவு நிலையத்தில் மட்டும் ஏற்றினால் 1,428. அவர் குடியிருப்பில் மின்னேற்ற வசதி இல்லை. அதாவது, 377 வெள்ளி மிச்சமாக வேண்டிய இடத்தில் 592 வெள்ளி கைவிட்டுப் போகும். காத்திருந்து ஏற்றும் நேரத்தில் இழக்கும் பயணங்கள் தனி. அவருக்கு ஹைபிரிட்தான் விடை.

இன்னொரு நேயர் கிள்ளானில் தாமான் வீட்டில் இருக்கும் தாதி. வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். இரவில் காடி வீட்டு முன்கூடத்தில் நிற்கிறது. அவருக்கு மின்சாரக் காடி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இரவு செருகிவிட்டுப் படுத்தால் காலையில் தயார். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. ஆனால் எடை கூடுதல் என்பதால் டயர் சீக்கிரம் தேயும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கோரிக்கை, இருபது பேர் கேட்டால் பொதுக்கூட்டத்தில் தீர்மானம். 2025 முடிவுக்குள் நாட்டில் 10,000 மின்னேற்ற இடங்கள் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருந்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது

நண்பரின் மின்சாரக் காடியை வாங்கிக்கொண்டு ஒருமுறை சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனேன். காட்சியறையில் சொல்லும் தூரம் நெடுஞ்சாலையில் வராது. வேகமும் குளிரூட்டியும் ஆளும் பையும் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்காவது குறையும் என்று வைத்துக்கொள்வது நல்லது. 345 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் 270-ஐ நம்பிக் கிளம்புங்கள்.

பெருநாள் காலத்தில் ஓய்வுத் தளங்களில் மின்னேற்ற வரிசை நீளும். விரைவு நிலையத்தில் 80 விழுக்காடு வந்ததும் எடுத்துவிடுவது வழக்கம். அதற்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் ஏற்றிக்கொள்ளும், பின்னால் நிற்பவருக்கும் வழி விட்டதாக இருக்கும்.

அப்பா வீட்டில் சாதாரண 13 ஆம்பியர் சுவிட்சில் செருகினோம். “என்னப்பா, ஐஸ் பெட்டி மாதிரி செருகிட்டே!” என்று அப்பா சிரித்தார். பத்து மணி நேரத்தில் சுமார் 120 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறியது. மறுநாள் ஈப்போ போய்வர அது தாராளம். ஆனால் பழைய தோட்ட வீடுகளில், பழைய கம்பி இணைப்பில் மணிக்கணக்காக இப்படிச் செய்யக்கூடாது. பதிவு பெற்ற மின்பணியாளரை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள்.

ஹைட்ரஜனுக்குக் காத்திருக்கலாமா?

நம் நாட்டில் ஹைட்ரஜன் கனவல்ல. 2019-இலேயே சரவாக் மாநிலம் கூச்சிங்கில் ஹைட்ரஜன் உற்பத்தி செய்து நிரப்பும் நிலையத்தைத் திறந்தது. மூன்று ஹைட்ரஜன் பேருந்துகளும் வந்தன. இப்போது ஹைட்ரஜனில் ஓடும் ஏ.ஆர்.டி. போக்குவரத்துத் திட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. சரவாக்கில் அணைகள் உண்டு. பாக்குன் அணை மட்டும் 2,400 மெகாவாட். ஆற்று நீரில் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது அங்கே பொருந்துகிறது.

தீபகற்பத்தில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஒரு கார் அந்த ஒரு கிலோவில் 100 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதே தூரத்துக்கு மின்சாரக் காடிக்கு 17 யூனிட் போதும். மூன்று மடங்கு மின்சாரத்தைச் செலவழித்து அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறோம். மின்சாரத்தை வாயுவாக்கி, அழுத்தி, ஏற்றி, மறுபடி மின்சாரமாக்கும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மிராய் வாங்கியவர்களுக்கு இது நடைமுறையில் தெரிந்தது. அங்கே ஹைட்ரஜன் விலை கிலோவுக்கு 36 டாலர் வரை ஏறியது. 2024-இல் ஷெல் நிறுவனம் அங்கிருந்த தன் கார் நிரப்பு நிலையங்களை மூடியது. காடி நன்றாக இருந்தும் நிரப்ப இடம் தேடி அலைந்தார்கள்.

பேருந்துக்கும் கனரக லோரிக்கும் கதை வேறு. அவை ஒரே தடத்தில் ஓடி ஒரே பணிமனைக்குத் திரும்புகின்றன. ஒரு நிலையம் இருந்தால் போதும். அதிகப் பளுவும் நீண்ட தூரமும் கொண்ட வேலையில், கனமான பேட்டரியைச் சுமக்காமல் சீக்கிரம் நிரப்பிக்கொண்டு ஓடுவது லாபம். ஹைட்ரஜன் நம் வாழ்க்கைக்குள் வந்தால் பெரும்பாலும் பேருந்துக் கதவு வழியாகத்தான் வரும். குடும்பக் காடிக்காக அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

பேட்டரி போய்விட்டால்?

இந்தப் பயத்துக்குப் பெயர் தெரிந்த காரணம் உண்டு. 2011 முதல் 2013 வரை ஹைபிரிட் காடிகளுக்கு வரிவிலக்கு இருந்தபோது பலர் வாங்கினார்கள். ஆண்டுகள் கழித்து உத்தரவாதம் முடிந்ததும் பேட்டரி மாற்றும் செலவைச் சிலர் சந்தித்தார்கள். இப்போது பெரும்பாலான மின்சாரக் காடிகளின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். நம் கடனோ 9 ஆண்டு! கடைசி ஓராண்டு உத்தரவாதம் இல்லாமல் தவணை கட்டுவீர்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவர் 160,000-ஐ எட்டவே ஏறக்குறைய 9 ஆண்டாகும். ஆனால் மாதம் 6,000 ஓடுபவருக்கு அந்த உத்தரவாதம் இரண்டே கால் ஆண்டில் தீர்ந்துவிடும். தொழிலுக்கு ஓட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் கேளுங்கள்.

பெரோடுவா வேறு வழியைக் காட்டியது. கியூ.வி-இ அறிமுகமானபோது காடியின் விலை 80,000 வெள்ளி. பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை. பேட்டரிப் பயம் நீங்குகிறது, உண்மை. ஆனால் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காடிக்கு எண்ணெய்ச் செலவே 209 வெள்ளிதான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

காட்சியறைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

ஒன்று, இரவில் காடி நிற்கும் இடத்தில் மின்னேற்ற முடியுமா? முடியாது என்றால் ஹைபிரிட்டோ சிக்கனமான சிறிய பெட்ரோல் காடியோ நல்லது.

இரண்டு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள்? மாதம் 500 கிலோமீட்டர்தான் என்றால் எதை வாங்கினாலும் எரிபொருளில் மிச்சம் சொற்பம். இருக்கும் காடியைப் பராமரித்து ஓட்டுவதே லாபமாக இருக்கலாம்.

மூன்று, வீட்டில் இன்னொரு காடி உண்டா? உண்டு என்றால் தினசரி ஓட்டத்துக்கு மின்சாரம், ஊர்ப் பயணத்துக்குப் பழையது என்று பிரித்துக்கொள்ளலாம்.

நான்கு, மாதத் தவணையோடு காப்புறுதி, சாலை வரி, வீட்டில் மின்னேற்றி பொருத்தும் செலவு எல்லாம் சேர்த்தீர்களா? மின்சாரக் காடிகளுக்கு இருந்த சாலை வரி விலக்கு 2025-உடன் முடிந்தது. வெள்ளம் வரும் பகுதியில் இருப்பவர்கள் எந்தக் காடியானாலும் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் விடை உங்களுக்குப் பொருந்தாது. அவருக்கு முன்கூடம் இருக்கும். உங்களுக்கு ஏழாவது மாடியாக இருக்கும். விற்பனையாளர் எந்த நிறம் வேண்டும் என்று கேட்கும்போது, நீங்கள் உங்கள் மின்கட்டண பில்லை எடுத்து மேசையில் வையுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.