அசையாதே என்று சொன்னோம்!

சென்ற மாதம் நம்மிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர், வலது மணிக்கட்டில் வைத்தியர் சுற்றிய பட்டையுடன் வந்து சேர்ந்தார். கிரிக்கெட் ஆடி விழுந்துவிட்டாரோ என்று விசாரித்தோம்.

"இல்லை, ஸார். கணினியில் வேலை செய்தே இப்படி ஆகிவிட்டது" என்றார்.

அவருடைய காரியாலயத்தில் உட்காரும் முறையைப் பற்றி ஒரு மணி நேரம் உபந்நியாசம் நடத்தினார்களாம், சித்திரங்கள் காட்டினார்களாம், வந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்களாம். ஆனால் அவரது நாற்காலியை எட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இந்த உபாதை நேற்று முளைத்ததன்று. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலை 1713-இல் விரித்தபோது, எழுத்தர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், மனத்தின் அயர்ச்சி ஆகிய மூன்றும் அவர்களைப் பீடிக்கின்றன என்றார். இறகுப் பேனா போய்க் கணினி வந்தது, அம்மூன்றும் போகவில்லை.

மாணவரை நம் மேஜையருகே உட்காரவைத்துப் பார்த்தோம். மேஜை அவருக்கு உயரம். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தது. நாற்காலியை உயர்த்தினால் குதிகால் அந்தரத்தில் தொங்கிற்று. காலடியில் ஒரு மணையை இட்டதும் முழங்கையும் விசைப்பலகையும் சமமாயின. பத்து நிமிஷ வேலை! திரையை ஒரு கை தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வைக்கச் சொன்னோம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது குனியக் குனியக் கழுத்துக்குத்தான் சுமை. மடிக்கணினியிலோ திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கணினியைத் தடித்த புத்தகங்களின்மேல் உயர்த்தி, வேறொரு விசைப்பலகையை இணைத்துக்கொள்வதே வழி.

இவ்வளவும் அமைந்தாலும், சிலைபோல் இருந்தால் பயனில்லை. ஒரே நிலையில் இறுகிய தசையில் இரத்த ஓட்டம் குன்றும். அரை மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடக்கவேண்டும். எழுந்தவரை முறைக்கும் மேலதிகாரி உள்ள இடத்தில் யார் எழுவார்கள்? அவரல்லவா முதலில் எழவேண்டும்!

மேலதிகாரியைக் குறை கூறுமுன் நமக்கே வெட்கமாயிருக்கிறது. "நேராக உட்கார், அசையாதே!" என்று இருபது வருஷங்களாக வகுப்பில் அதட்டியவர்கள் நாம். 'நேராக' என்றது சரி. 'அசையாதே' என்றது பிசகு. அந்த மாணவரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

இப்போதெல்லாம் பாடத்தின் நடுவே வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்கிறோம். பக்கத்து வகுப்பு உபாத்தியாயர் அதைத் தண்டனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.