ஆறு மீட்டர் எங்கே போனது?

பிள்ளைகளே, முதலில் ஒரு புதிர். ஒரு மின்சாரக் கார் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓட்டுநர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறார். கார் 46 மீட்டர் ஓடிய பிறகுதான் நிற்கிறது. சில நாள் கழித்து அதே காரை அதே வேகத்தில் ஓட்டி, அதே மாதிரி பிரேக்கை மிதிக்கிறார்கள். இந்தத் தடவை நாற்பதரை மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. இடையில் எந்த மெக்கானிக்கும் அந்தக் காரைத் தொடவில்லை. டயரை மாற்றவில்லை, ஒரு திருகைக்கூட முறுக்கவில்லை. அப்படியானால் அந்த ஆறு மீட்டர் எங்கே போனது?

இது கற்பனைக் கதை இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்றொரு அமைப்பு 1936 முதல் இயங்குகிறது. சோப்பு, துவைக்கும் இயந்திரம், கார் என்று எதையும் தன் சொந்தக் காசில் கடையில் வாங்கிச் சோதித்துப் பார்த்து, மக்களுக்கு உள்ளது உள்ளபடி சொல்லும். கார்களைச் சோதிக்க கனெக்டிகட் மாநிலத்தில் அதற்கென்றே ஓடுபாதை வைத்திருக்கிறது. அப்போது புதிதாக வந்திருந்த டெஸ்லா 'மாடல் 3' காரை அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். நின்ற தூரம் 152 அடி, அதாவது புதிரில் சொன்ன 46 மீட்டர். ஃபோர்டு எஃப்-150 என்ற பெரிய பிக்கப் வண்டிகூட அதைவிட 7 அடி முன்னதாகவே நின்றிருந்தது.

சோதித்தவர்களுக்கே இது விசித்திரமாகப் பட்டது. ஏனென்றால் முதல் தடவை பிரேக் போட்டபோது கார் ஏறத்தாழ 130 அடியில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் அந்தத் தூரம் திரும்ப வரவே இல்லை. பிரேக் சூடாகிவிட்டதோ என்று ராத்திரி முழுக்க ஆறவிட்டார்கள், பலனில்லை. இந்த ஒரு காரில் மட்டும் கோளாறோ என்று வேறொருவருடைய மாடல் 3 காரை இரவல் வாங்கி ஓட்டினார்கள். அதுவும் அப்படியே செய்தது.

இப்போது துப்பறிவாளரைப் போல யோசியுங்கள். அந்த முதல் 130 அடியை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை அவ்வளவு சீக்கிரம் நிற்க முடிந்திருக்கிறது. ஆகவே டயருக்கும் பிரேக்குக்கும் அதற்கான வலு இருக்கிறது. பிரச்சினை அந்த வலுவைப் பயன்படுத்திய விதத்தில்தான். அதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் வளையலும் வெள்ளைத் தாளும் இரண்டு சொட்டு மையும் போதும்.

வளையலின் வெளி விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஈர மையைத் தொட்டு வையுங்கள். வளையலை நிறுத்தி, தாளின் மேல் மெதுவாக உருட்டுங்கள். தாளில் ஒரு புள்ளி விழும். வளையல் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி விழும். இப்போது மை வைத்த இடம் தாளில் படும்படி வளையலைப் பிடித்துக்கொண்டு, உருளவிடாமல் இழுங்கள். கோடு விழும்.

அந்தப் புள்ளியை நன்றாகப் பாருங்கள். வளையல் நகர்ந்துகொண்டுதானே இருந்தது? பிறகு ஏன் மை தீற்றிக்கொள்ளவில்லை? உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம், தொடும் அந்த நொடியில் அசையாமல் நிற்கிறது! மேலிருந்து இறங்கி வந்து, தரையில் பதிந்து, ஒரு கணம் நின்று, மறுபடி மேலே போய்விடுகிறது. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மைகளில் இது ஒன்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் காரிலும் டயரின் அடி தரையில் ஒட்டி நின்று நின்றுதான் போகிறது.

நிற்கும் பொருளுக்கும் வழுக்கும் பொருளுக்கும் பிடிமானத்தில் வித்தியாசம் உண்டு. அரிசி மூட்டையைத் தள்ளியிருக்கிறீர்களா? முதலில் அசையவே அசையாது. ஒரு தடவை நகர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் சுலபமாகப் போகும். நிலை உராய்வு அதிகம், நழுவும்போது உராய்வு குறைவு. காரில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும், கார் மட்டும் சறுக்கிக்கொண்டு போகும். புள்ளி கோடாகிவிடும்! சாலையில் சில இடங்களில் கருப்பாக நீண்ட டயர்த் தடம் பார்த்திருப்பீர்களே, அது அந்தக் கோடுதான். அப்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் கேட்காது.

இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்திலும் அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கும் உணரி இருக்கும். ஏதாவது ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு சிறு கணினி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை லேசாகத் தளர்த்தும், உடனே மறுபடி இறுக்கும். ஒரே விநாடிக்குள் பல தடவை இது நடக்கும். அடுப்பில் பால் பொங்கி வரும்போது அம்மா என்ன செய்கிறார்? தீயைத் தணிக்கிறார், பால் அடங்கியதும் கூட்டுகிறார், மறுபடி தணிக்கிறார். சீக்கிரமே தணித்துவிட்டால் பால் காய நேரமாகும், தாமதித்தால் வழிந்துவிடும். ஏபிஎஸ்ஸுக்கும் அதே கைப்பக்குவம் வேண்டும். முன்னதாகவே பயந்து தளர்த்தினால் கார் நிற்க நேரமாகும், தாமதித்தால் சறுக்கும்.

அந்தப் பக்குவம் காருக்குள் எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளில் இருக்கிறது. அதாவது மென்பொருளில். டெஸ்லாவின் பொறியாளர்கள் அந்த ஏபிஎஸ் கட்டளைகளைத்தான் திருத்தினார்கள். திருத்திய மென்பொருளைச் சில நாட்களில் இணையம் வழியாகவே கார்களுக்கு அனுப்பினார்கள். கன்சூமர் ரிப்போர்ட்ஸ் தன் காரை மறுபடி ஓட்டிப் பார்த்தது. நின்ற தூரம் 133 அடி, அதாவது நாற்பதரை மீட்டர்.

வித்தியாசம் 19 அடிதானே என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, ஒன்றில் பழைய மென்பொருள், ஒன்றில் புதியது. இரண்டும் ஒரே இடத்தில் பிரேக் போடுகின்றன. புதிய கார் 133 அடியில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் பழைய கார் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? அதற்கு இன்னும் 19 அடி மிச்சம். 152-இல் 19 என்பது சரியாக எட்டில் ஒரு பங்கு. பிரேக் கடைசிவரை ஒரே சீராகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் இயக்க ஆற்றலிலும் எட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வேகம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்காது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே இருக்கும். மணிக்கு 34 கிலோமீட்டர்! ஒரு கார் அசையாமல் நிற்கும் இடத்தை இன்னொன்று தெருவில் போகும் ஸ்கூட்டரின் வேகத்தில் தாண்டிப் போகிறது. அந்த இடத்தில் ஒரு நாய்க்குட்டியோ உங்கள் வயதுப் பிள்ளையோ நின்றிருந்தால்? அதனால்தான் அந்தச் சோதனையாளர்கள் இரவல் கார் வரை வாங்கிப் பிடிவாதமாகச் சோதித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்படிப் புதுப்பிப்பு வருவதைக் கார் வைத்திருப்பவர்கள் எப்படி அறிகிறார்கள்? கைபேசிக்குச் சொல்வது போலத்தான், 'அப்டேட் வந்திருக்கிறது' என்று கார்த்திரையில் ஒரு செய்தி வரும். பெரும்பாலானோர் ராத்திரி வீட்டில் நிறுத்திவைத்திருக்கும்போது சம்மதம் கொடுப்பார்கள், ஏனென்றால் வேலை முடியும்வரை காரை ஓட்ட முடியாது. காலையில் திரையில் என்னென்ன மாறியது என்ற பட்டியல் இருக்கும். நம் ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின்ஸ்கூட்டர்களுக்கும் புதிய மென்பொருள் இப்படியே வருகிறது.

ஆனால் வழியில் யாராவது திருட்டு மென்பொருளைக் காருக்குள் நுழைத்துவிட்டால் ஆபத்தாயிற்றே. அதற்காக ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நிறுவனம் ஒரு மின்னணு முத்திரை வைக்கும். அந்தக் காலத்தில் ராஜா அனுப்பும் ஓலையில் அரக்கு முத்திரை இருக்குமே, அது போல. கணிதத்தால் ஆன இந்த முத்திரை சரியாக இருந்தால்தான் கார் மென்பொருளை ஏற்றுக்கொள்ளும்.

2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் இந்த இடத்தில்தான் சறுக்கல் நடந்தது. அனுப்ப வேண்டிய தொகுப்புக்குப் பதிலாக, தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட வேறொரு தொகுப்பை அனுப்பிவிட்டார்கள். அதை வாங்கிக்கொண்ட கார்களின் திரைகள் கருத்துப்போயின. நூற்றுக்கு மூன்று கார்கள் மாட்டிக்கொண்டன. வண்டி ஓடியது, பிரேக் பிடித்தது, ஆனால் திரையில் எதுவுமே தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் தவறு தங்களுடையதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். கவனித்தீர்களா, திரைக்கான மென்பொருள் விழுந்தபோதும் ஓட்டத்தைப் பார்க்கும் பகுதி விழவில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் காரைக் கட்டுபவர்களின் முக்கியமான கெட்டிக்காரத்தனம்.

மென்பொருளால் பிரேக் மட்டுமல்ல, பேட்டரியும் மாறும். அப்படிப்பட்ட பேட்டரிக் கதைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் சுவை.

2017 செப்டம்பரில் 'இர்மா' என்ற பெரும்புயல் ஃபுளோரிடாவை நோக்கி வந்தது. மக்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே சிலரிடம் இருந்த டெஸ்லா கார்களில் 75 கிலோவாட் மணி கொள்ளும் பேட்டரி இருந்தது, ஆனால் விலை குறைவாகக் கொடுத்ததற்கு ஈடாக 60 வரைக்கும்தான் பயன்படும்படி மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார்கள். தப்பிப் போகக் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்குமா என்று ஒரு உரிமையாளர் கேட்க, புயல் பகுதியில் இருந்த அத்தகைய கார்களின் பூட்டை எல்லாம் நிறுவனம் எங்கிருந்தோ திறந்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் ஓட்டம் கிடைத்தது. செப்டம்பர் 16-க்குப் பிறகு பூட்டு மறுபடி விழும் என்றும் சொல்லிவிட்டார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனாலும் கார் சுமந்து திரிந்த பேட்டரியில் ஒரு பகுதி சொந்தக்காரருக்கே பூட்டிக் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கொஞ்சம் நெருடுகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

அடுத்த கதை இதற்கு நேர்மாறு. 2019-இல் டெஸ்லாவின் பழைய 'மாடல் எஸ்' கார்கள் சிலவற்றுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதன்பின் அந்தக் கார்கள் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் முன்பு போன தூரம் போகவில்லை. லித்தியம் பேட்டரியின் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 4.2 வோல்ட் வரை மின்னழுத்தம் ஏற்றலாம். விளிம்புவரை ஏற்றும்போது செல்லுக்குச் சிரமம் அதிகம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பாமல் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துவது போல, மென்பொருள் அந்த உச்ச அளவைக் குறைத்துவிட்டது. பேட்டரியின் பாதுகாப்புக்கும் ஆயுளுக்கும்தான் இப்படிச் செய்தோம் என்றது நிறுவனம். உரிமையாளர்களோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். பின்னால் வந்த புதுப்பிப்புகளில் அளவு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டது. 2021-இல் வழக்குச் சமரசமாகி, 1,743 கார்களின் சொந்தக்காரர்களுக்குத் தலா 625 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். குறைத்ததற்கு நல்ல காரணமே இருந்திருக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கியவரிடம் முன்கூட்டியே, புரியும்படி சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 22 லட்சம் டெஸ்லா கார்களில் ஒரே குறையைச் சரிசெய்ய வேண்டி வந்தது. என்ன குறை தெரியுமா? பிரேக், பார்க், ஏபிஎஸ் எச்சரிக்கைகள் திரையில் சின்ன எழுத்தில் இருந்தன. அந்நாட்டு விதிப்படி அந்த எழுத்துகள் குறைந்தது 3.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இந்தக் குறையும் ஒரு புதுப்பிப்பால் தீர்ந்தது. 3.2 மில்லிமீட்டர் உயரத்தில் தாளில் ஒரு எழுத்தை எழுதிக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதையே பாதி உயரத்தில் எழுதித் தாத்தாவிடம் கொடுங்கள். கண்ணாடி இல்லாமல் படிக்கிறாரா?