சுடாத சுடரும் கொழுப்புக் குமிழியும்

மெல்லிய குழாய் வழியே ஹீலியம் அல்லது ஆர்கான் வாயுவைச் செலுத்தி, அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் குழாயின் நுனியில் ஊதா நிறச் சுடர் ஒன்று எழும். சரியாக அமைத்த கருவியில் அந்தச் சுடர் விரலைச் சுடாது. இதுவே குளிர் பிளாஸ்மா. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில் உருவான இத்தகைய கருவி, 2013-இல் மருத்துவக் கருவியாக ஐரோப்பியச் சான்று பெற்றது. ஆறாத புண்களுக்கு அங்கே மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயுவே பிளாஸ்மா. மின்னலும் சூரியனும் அந்த வகைதான். ஆனால் அவை சுட்டெரிப்பவை. குளிர் பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை மட்டுமே பல ஆயிரம் டிகிரி. கொதிக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்து குளம் சூடாவதில்லை. அதுபோல, மிக மிக இலேசான அந்தச் சிறு துகள்களால் வாயு முழுவதையும் சூடாக்க முடிவதில்லை.

சுடர் காற்றோடும் ஈரத்தோடும் கலக்கும்போது ஓசோன், ஹைட்ராக்சில், நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க பொருள்கள் பிறக்கின்றன. பிளாஸ்மாவின் மருத்துவப் பயனுக்குப் பெரும்பாலும் இவையே காரணம். இவை உடற்செல்லைத் தாக்க வந்தால் முதலில் எதிர்ப்படுவது செல் சவ்வு. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான்.

உயிருள்ள செல்லில் இந்த மோதலைத் தனித்துப் பார்ப்பது கடினம். செல் தன் சேதத்தைத் தானே பழுதுபார்க்கிறது. நொதிகளைக் கொண்டு நச்சையும் முறிக்கிறது. அதனால்தான் செயற்கைச் சவ்வு தேவைப்படுகிறது. சவ்வுக்கு அடிப்படையான பாஸ்ஃபோலிப்பிட் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே இரட்டை அடுக்குக் குமிழியாக மூடிக்கொள்ளும். 1960-களில் இங்கிலாந்தின் அலெக் பேங்ஹாம் விளக்கிய இந்தக் குமிழிக்கு லிப்போசோம் என்று பெயர்.

தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் எண்ட்ரே சிலி, ராபர்ட் ஷார்ட் உள்ளிட்டோர் இந்தக் குமிழிகளுக்குள் ஒரு சாயத்தை அடைத்துப் பிளாஸ்மாவுக்குக் காட்டினார்கள். வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் உள்ளே நுழைந்தால் அந்தச் சாயம் ஒளிரும். 2014-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது: சவ்வு கிழியவில்லை, ஆனாலும் சாயம் ஒளிர்ந்தது. இரத்தத்திலுள்ள சீரத்தைச் சேர்த்தபோது உள்ளே நுழைந்த அளவு வெகுவாகக் குறைந்தது.

பிளாஸ்மாவின் அளவு கூடினால் நிலைமை மாறும். கொழுப்பு மூலக்கூறின் வால் போன்ற பகுதியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் பக்கத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. நீரை வெறுத்த அந்த வால் இப்போது நீரை நாடி மேற்பரப்புக்கு வளைகிறது. சவ்வு அகன்று மெலிகிறது. வால் துண்டிக்கப்பட்டால் துளைகளே விழலாம். இரட்டைப் பிணைப்பு இல்லாத கொழுப்பு இதை எளிதில் தாங்கும். கொலஸ்ட்ராலும் சவ்வுக்குப் பாதுகாப்பு தருவதாக, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகள் காட்டுகின்றன.

குமிழி வேறு, உடல் வேறு என்பது உண்மையே. ஆனால் சவ்வு எதனால் ஆனது, சுற்றிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் சுடர் படுகிறது என்ற மூன்றுமே விளைவைத் தீர்மானிக்கின்றன என்பதை இந்தக் குமிழிகள் தெளிவாக்கிவிட்டன. குளிர் பிளாஸ்மாவை எல்லா நோய்க்குமான மாய ஒளி என்று யாரேனும் விளம்பரம் செய்தால், எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்தச் சோதனையின் பேரில் என்று கேளுங்கள்.