கரையேறும் சேனை

காஞ்சியிலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களிலே பல்லவ வம்சத்தின் சரித்திரம் வரிசை வரிசையாகச் சிற்பங்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எழுப்பிய ஆலயம் அது. ஆண்டுதோறும் நமது பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது நமது வழக்கம். இவ்வாண்டு, நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் சிற்பங்களிலுள்ள யானைகளையும் குதிரைகளையும் வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஸார், பல்லவர் சேனை கப்பலேறி இலங்கைக்குப் போயிற்று என்று சொன்னீர்களே! தரையில் சண்டை போடுகிறவன் கடலிலிருந்து இறங்கி எப்படி ஸார் சண்டை போடுவான்?" என்று கேட்டான்.

கேட்டவன் சிறுவன், கேள்வி சிறியதன்று. கப்பலில் நின்று போர் புரிகிறவன் மாலுமி. நிலத்தில் நின்று போர் புரிகிறவன் சிப்பாய். கப்பலிலிருந்து குதித்து, அலையில் நனைந்து, எதிரியின் கரையிலே ஏறி நின்று போர் புரிய வேண்டியவன் யார்? அவன் பாதி மாலுமி, பாதி சிப்பாய். இத்தகைய வீரர்களுக்கென்றே பிற நாடுகள் தனிச் சேனை அமைத்தன. ஸ்பெயின் தேசத்துக் கடற்காலாட்படை 1537-இல் தன் தோற்றத்தைக் கணக்கிடுகிறது. பிரிட்டனில் 1664-இலும், அமெரிக்காவில் 1775-இலும் இத்தகைய படைகள் தோன்றின. அமெரிக்கரின் மரீன் படை காலாள், பீரங்கி, விமானம் யாவற்றையும் தன்னிடமே வைத்திருக்கிறது.

நமது பாரத தேசத்திலே அவ்விதமான தனிச் சேனை இன்றளவும் இல்லை. அதனால் நேர்ந்தது என்ன, அதற்கு ஈடாக நம்மிடம் உள்ளது என்ன என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

மன்னன் கழற்றிக் கொடுத்த ஆபரணம்

முதலில் நமது ஊரிலிருந்தே தொடங்குவோம். காஞ்சியிலிருந்து சுமார் 40 மைல் சென்றால் பல்லவரின் துறைமுகமாகிய மாமல்லபுரம். 7-ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசுரிமையை இழந்த மானவர்மன் என்னும் இளவரசன் காஞ்சிக்கு வந்து, நரசிம்மன் என்னும் பல்லவ மன்னனிடம் அடைக்கலம் புகுந்தான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறுகிறது. பல்லவன் அவனுக்குப் படை கொடுத்தனுப்பினான். முதல் முயற்சி நிலைக்கவில்லை, படை திரும்பிவிட்டது. இரண்டாம் முறை பல்லவன் ஓர் உபாயம் செய்தான். தான் அணிந்திருந்த ஆபரணங்களையே மானவர்மனுக்குக் கொடுத்துக் கப்பலேற்றினான். "நம் மன்னரே நம்மோடு வருகிறார்" என்று வீரர்கள் நம்பினார்கள். இம்முறை வெற்றி கிட்டியது. காரைக்காலுக்கு அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடு பல்லவனின் இலங்கை வெற்றியை இராமபிரானின் வெற்றியோடு ஒப்பிட்டுப் புகழ்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு முறையும் சென்றது பல்லவ சேனைதான். கடந்ததும் அதே கடல்தான். மாறியது, "நமக்குத் தலைவர் யார்?" என்ற கேள்விக்குக் கிடைத்த விடை. தரையில் தோற்றால் பின்வாங்க இடமுண்டு. கடலைக் கடந்தவனுக்கு முதுகுப்புறம் தண்ணீர். ஆகவே, கப்பலும் சேனையும் ஒரே தலைவனின் சொல்லுக்கு அடங்கியிருக்கிறதா என்பது அவனுக்கு உயிர் விஷயம்.

தாங்காவில் நடந்தது

பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின், அந்நிய ஆட்சியில் இந்தப் பாடம் அடியோடு மறக்கப்பட்டது. முதல் உலக யுத்தம் மூண்ட 1914-இல், பிரிட்டிஷார் சுமார் 8,000 பேர் கொண்ட படையொன்றைப் பம்பாயிலிருந்து கப்பலேற்றி, ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தைப் பிடிக்க அனுப்பினார்கள். நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் ரெஜிமெண்டும் அதில் இருந்தது. ஒன்றாகப் பயிற்சி பெற்றிராத பல படைப்பிரிவுகளை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, தலைசுற்றி வாடியவர்களை, முன்கூட்டிச் சரிவர வேவு பார்க்காத கரையிலே நவம்பர் தொடக்கத்தில் இறக்கினார்கள். எதிரில் இருந்தவர் சுமார் ஆயிரம் பேர்தான். ஆயினும் வந்த படை முறிந்தது. இயந்திரத் துப்பாக்கிகளையும் ஏராளமான தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பலேற நேர்ந்தது.

பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? திட்டம் வகுத்தவர்கள் மீது மட்டுமன்று. இந்தியச் சிப்பாய்களுக்கு நெஞ்சுரம் போதாது என்று எழுதிவைத்தார்கள். ஏவியவர் பிழை ஏவலாளன் தலையிலும் ஏறிற்று.

சுதந்திர நாட்டின் சோதனை

அந்நியரைக் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1971 டிசம்பரில், வங்க தேச விடுதலைப் போரின்போது, சுதந்திர பாரதத்தின் படைகளும் ஏறக்குறைய அதே பிழையைச் செய்தன. பாகிஸ்தானியச் சேனை பர்மாப் பக்கம் தப்பியோடாமல் வழி மறிப்பதற்காக, காக்ஸ் பஜார் கடற்கரைப் பகுதியில் படையிறக்க உத்தரவாயிற்று. கூர்க்கா ரெஜிமெண்டைச் சேர்ந்த வீரர்கள் கல்கத்தாவிலிருந்து ஒரு வணிகக் கப்பலில் புறப்பட்டு, கடலிலே படையிறக்கும் கப்பல்களுக்கு மாற்றப்பட்டார்கள். மலைநாட்டில் பிறந்து வளர்ந்த அவர்களுக்கு இத்தகைய காரியத்தில் ஒத்திகையே இல்லை.

படையிறக்கும் கப்பலின் அடிப்பாகம் தட்டையானது. அது நேரே மணலில் வந்து முட்டி நின்று, முகப்பைத் திறந்து, சாய்வுப் பலகையைத் தாழ்த்தும். வீரர்கள் அதன்வழி இறங்கி நடக்க வேண்டும். ஆனால் பல கரைகளில் கரைக்குச் சற்று முன்னதாகவே நீருக்கடியில் மணல்மேடு ஒன்று இருக்கும். அதற்கும் கரைக்கும் நடுவே பள்ளம். மேட்டில் தட்டிய கப்பல், "கரை வந்துவிட்டது" என்று நின்றுவிட்டால், இறங்குகிறவன் பள்ளத்திலே இறங்குவான். எந்த நேரத்தில் எந்த இடத்தில் எத்தனை அடி ஆழம் என்பது அந்தக் கரையில் வலை வீசுகிறவனுக்குத் தெரியும். தூரத்திலிருந்து படம் பார்த்து உத்தரவிடுகிறவருக்குத் தெரியாது.

காக்ஸ் பஜார் அருகே நடந்தது அதுதான். மூட்டையும் துப்பாக்கியும் சுமந்து இறங்கிய முதல் வீரர்கள் தலைக்கு மேல் நீரில் அகப்பட்டார்கள். சிலர் மூழ்கி மாண்டார்கள். இத்தனைக்கும் அங்கே எதிர்த்து நிற்க எதிரி இல்லை! டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தானியச் சேனை சரணடைந்தது. வெற்றி முழக்கத்தில் அந்தக் கூர்க்கா வீரர்களின் மரணம் பலர் காதில் விழவில்லை. எதிரியின் குண்டு கொல்லாத வீரனை நம் அவசரம் கொன்றது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்று நம்மிடம் உள்ளது

அதன் பிறகு நாம் சும்மா இருக்கவில்லை. 1987-இல் கடற்படைக்குள்ளேயே 'மார்க்கோஸ்' எனப்படும் அதிரடிப் படை பிறந்தது. 2008 நவம்பரில் பம்பாய் தாஜ் ஹோட்டலுக்குள் பயங்கரவாதிகளைத் தேடி நுழைந்தவர்களில் அவர்களும் உண்டு. 2024 மார்ச்சில், நம் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தூரத்தில் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த 'ரூயென்' என்னும் கப்பலை மீட்க விமானத்திலிருந்து கடலில் குதித்தார்கள். கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர். மாலுமிகள் 17 பேரும் மீண்டனர்.

ஆனால் இவர்கள் சிறு தொகையினர். மின்னலெனப் பாய்ந்து காரியம் முடித்துத் திரும்புகிறவர்கள். பெருந்தொகையில் கரையேறி நிலத்தைப் பிடித்து நிற்பது தரைப்படையின் வேலை. அதற்கெனப் பயின்ற பிரிவுகள் திருவனந்தபுரத்திலும் அந்தமானிலும் உண்டு. அவர்களைச் சுமக்கும் கப்பல்கள் கடற்படையுடையவை. அவற்றில் பெரியதாகிய 'ஜலாஷ்வா' 2007-இல் நம்மிடம் வந்தது. சுமார் ஆயிரம் வீரர்களை ஏற்றிச் செல்ல வல்லது. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் மாலத்தீவில் தவித்த நம்மவர்களைக் கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டு சேர்த்ததும் அதே கப்பல்தான். பம்பாய்த் தாக்குதலுக்குப் பின், 2009-இல், கடற்படைத் தளங்களைக் காக்க 'சாகர் பிரஹாரி பல்' என்ற காவற்படையும் அமைக்கப்பட்டது.

ஆக, வீரர்கள் உண்டு, கப்பல்கள் உண்டு. இவை ஒரே தலைமையின்கீழ் பொருந்த வேண்டுமே, அதற்கு வழி? 2001-இல் அந்தமான் நிக்கோபாரில் முப்படைக்கும் ஒரே தளபதி என்ற ஏற்பாடு முதன்முதலாகச் செய்யப்பட்டது. 2019 டிசம்பரில் முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பதவி உண்டாயிற்று. 2023 ஜனவரியில் ஆந்திரக் கரையாகிய காக்கிநாடாவில் மூன்று படைகளும் சேர்ந்து கரையேறும் ஒத்திகை நடத்தின. 1971-இல் இல்லாதிருந்தது இந்த ஒத்திகைதான்.

தனிச் சேனையே வேண்டும் என்று வாதிப்போரும் உண்டு. செலவு மிகும், உள்ள படைகள் இணைந்தாலே போதும் என்போரும் உண்டு. பெயரும் உடுப்பும் எதுவாயினும் இருக்கட்டும். இணைப்பு மட்டும் யுத்தம் மூண்ட பிறகு அவசரத்தில் போடும் முடிச்சாக இருக்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

கோயிலிலிருந்து திரும்பும்போது அந்தப் பையனை, "உங்கள் வீட்டில் கோர்வைப் புடவை எப்படி நெய்கிறார்கள்?" என்று கேட்டோம். "உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. அப்பா நெய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடா போட வேண்டும் ஸார்" என்றான்.

"இருவரும் ஒரே தாளத்தில் போடாவிட்டால்?"

"கோர்வை விட்டுப்போகும் ஸார். புடவை நன்றாயிருக்கும், கரையும் நன்றாயிருக்கும், இரண்டும் சேராது."

"நீ கேட்ட கேள்விக்கு நீயே விடை சொல்லிவிட்டாய்" என்றோம். பையன் சற்று யோசித்துவிட்டு, "அப்பாவோடு நான் கரை போடப் பழக ஒரு வருஷம் ஆயிற்று ஸார்" என்றான்.