ஏறத்தாழ ஒளி வேகத்தில் விரையும் எலக்ட்ரான் கற்றை தடம் புரளாமல் காக்கப்படுவது எப்படி?

திருவனந்தபுரம்: விண்ணில் பாயும் ராக்கெட் சற்றே சாய்ந்தாலும், திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோ நிலைம அமைப்புகள் பிரிவு உருவாக்கும் உணரிகள் அதை உடனே கண்டறிகின்றன, அதற்கேற்ப எஞ்சினின் முனை திரும்பி, சாய்வு நேராகிறது. அளந்து, கணக்கிட்டு, திருத்தும் இம்முறைக்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர். மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில், ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் இயங்கும் 'இண்டஸ்-2' துகள் முடுக்கியும் இதையே நம்பியுள்ளது. ஆனால், அங்கு கிடைக்கும் அவகாசம் மிக மிகக் குறைவு.

இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் அதை நொடிக்குச் சுமார் 17 லட்சம் முறை சுற்றுகின்றன. வளைவுகளில் அவை உமிழும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பு ஆராயப்படுகிறது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவுக்குக் கற்றை விலகினாலும் ஆய்வாளர்களின் அளவீடு கெடக்கூடும்.

வெப்பநிலை மாற்றம், தரை அதிர்வு போன்றவற்றால் ஏற்படும் விலகலைக் காந்தங்களின் மின்னோட்டத்தை மாற்றிச் சமாளிக்கலாம். கற்றை தனக்குத்தானே விளைவிக்கும் தொல்லைதான் கடினமானது. எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் செல்கின்றன; அடுத்தடுத்த கொத்துகளுக்கு இடையே 2 நானோ நொடி இடைவெளியே இருக்கக்கூடும். முன்னே செல்லும் படகு எழுப்பும் அலையில் பின்னால் வரும் படகு ஆடுவதைப் போல, ஒரு கொத்து விட்டுச்செல்லும் மின்காந்தப் புலத்தில் அடுத்தது தடுமாறுகிறது. சுற்றுக்குச் சுற்று இந்த ஆட்டம் பெருகினால், எலக்ட்ரான்கள் குழாய்ச் சுவரில் மோதி அழியும்.

கம்பியில் செல்லும் சமிக்ஞை ஒளியைவிட மெதுவானது; அதனால் கொத்தைத் துரத்திப் பிடிக்க இயலாது. துரத்தத் தேவையும் இல்லை. சுற்றி வரும் கொத்து மீண்டும் அதே இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? உணரி விலகலை அளந்ததும், மின்னணுச் சுற்று திருத்தத்தைக் கணக்கிட்டுக் காத்திருக்கும். அக்கொத்து திரும்பி வரும் கணத்தில் மின்முனைகள் அதற்குச் சிறு உந்துதல் அளிக்கும். இரண்டு நானோ நொடி பிசகினால் உந்துதல் பக்கத்துக் கொத்தின்மீது விழும். ஊஞ்சலைத் தவறான தருணத்தில் தள்ளுவதைப் போல, ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யலாம்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் சைமன் வான் டெர் மீர் வேறொரு வழியைக் கண்டார். வளையத்தின் ஒரு பக்கத்தில் அளந்த சமிக்ஞையைக் குறுக்கே அனுப்பி, துகள்கள் வளைந்து வருவதற்குள் மறுபக்கம் சேரச் செய்தார். இவ்வாறு செறிவூட்டப்பட்ட எதிர்ப்புரோட்டான் கற்றையே 1983-இல் டபிள்யூ, இசட் துகள்களின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. மறு ஆண்டு, கார்லோ ரூபியாவுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நேர்க்கோட்டு முடுக்கிகளில் இந்த இரு வழிகளுக்கும் இடமில்லை. அங்கு துகள் ஒரே முறைதான் கடந்து செல்லும். எனவே தொடரில் முதலில் வரும் கொத்துகளை அளந்து, பின்னால் வருபவற்றைத் திருத்துகின்றனர். முதலில் சென்றவை திருத்தம் பெறாமலே போய்விடுகின்றன.